கோழிக்கால் குறி

கெல்ஸோவில் திங்கட்கிழமை பிறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் காலண்டரைத் தேடிப் போவதில்லை. கிழக்கே ஷைலோ பள்ளத்தைப் பார்த்தால் போதும். ஊற்றை ஒட்டிய கொல்லைகளில் துணி வெளுக்கிற நாற்பது இரும்புக் கொப்பரைகள் ஒன்றாகக் கொதிக்கும். பைன் விறகுப் புகை பள்ளத்தை நிரப்பிவிட்டு மேடேறி, நீதிமன்ற மணிக்கூண்டை உரசிக்கொண்டு ரயிலடிப் பக்கம் போகும். அதைப் பார்த்த பிறகுதான் மேட்டுத் தெரு வெள்ளைக்காரச் சீமாட்டிகள் சனிக்கிழமைக்குத் துணி வந்துவிடும் என்று நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள்.

அந்த ஜூலையில் மூன்று திங்கட்கிழமைகள் புகையில்லாமல் கழிந்தன.

டெம்பியின் கொப்பரை கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. செவலைக் கோழி ஒன்று அதன் முதுகில் ஏறி உட்காரப் பழகியிருந்தது. அடிமைகளுக்குச் சுதந்திரம் வந்து பதினாறு வருஷம். இந்தப் பதினாறு வருஷத்தில் அந்தக் கொப்பரை இத்தனை நாள் குளிர்ந்து கிடந்ததே இல்லை. மகள் பிறந்த நாலாம் நாளே எழுந்து அதற்குத் தீ மூட்டியவள் டெம்பி. இப்போது அவள் கைவிரல்களில் வெடிப்பெல்லாம் ஆறி, தோல் மென்மையாகிக்கொண்டு வந்தது. தன் கையைத் தானே தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கையோ போல அவளுக்கு இருந்தது.

எல்லாம் ஒரு தகட்டால் வந்தது. மேட்டில் துணிகள் அடிக்கடி காணாமல் போகின்றன என்று யாரோ புகார் சொன்னார்களாம். உடனே நகர சபை கூடி ஒரு விதி எழுதியது. வெளுக்கிற ஒவ்வொரு கறுப்புப் பெண்ணும் சபைக்கு வந்து எண் பொறித்த தகரத் தகடு வாங்கிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். தகடு போட்டவள் எந்த வீட்டு மூட்டையையும் மாட்டேன் என்று திருப்பக் கூடாது. கூலி என்ன என்பதையும் சபையே சொல்லும். தகடு இல்லாமல் வெளுத்தால் சிறை. எட்டு உறுப்பினர்களில் இதை எழுதி முன்மொழிந்தவர் செங்கல் சூளை லூமிஸ் துரை.

ஊற்றடியில் அந்த விதியைப் படித்துக் காட்டியபோது பெண்களெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். டெம்பியின் கை தானாகக் கழுத்துக் குழியைத் தொட்டது.

அவள் சார்ல்ஸ்டனில் அடிமையாகப் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் அவளுடைய எஜமானி அவளை அயல் வீடுகளுக்கு வெளுக்க வாடகைக்கு விட்டாள். அப்படி வாடகைக்குப் போகிற அடிமைகள் கழுத்தில் செம்புத் தகடு போட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். டெம்பியின் தகட்டில் 'வேலைக்காரி, 1124' என்று இருந்தது. நீராவியிலும் வியர்வையிலும் செம்பு களிம்பேறி, கழுத்துக் குழியில் காசளவுக்குப் பச்சைக் கறை பிடித்தது. சுதந்திரம் வந்த அன்று எல்லோரும் தகட்டைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள். டெம்பி எறியவில்லை. உபயோகமான ஒரு சாமானை எறிவது அவள் பழக்கத்தில் இல்லை. கெல்ஸோவுக்கு வந்து குடித்தனம் போட்டபோது இஸ்திரி மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்தது. தகட்டை அதன் அடியில் வைத்தாள். அன்றிலிருந்து மேசை ஆடவில்லை.

"மாட்டுக்குத்தான் கழுத்துல மணி கட்டுவாக," என்றாள் ஆர்மிண்டா அன்று. ஊற்றடிப் பெண்களுக்கு அவள்தான் அக்கா. இரண்டு ஆள் பருமன், நாலு ஆள் குரல். "நான் பால் குடுக்கிற மாடு இல்ல. நீ என்ன சொல்ற டெம்பி?"

"நான் ஒண்ணு போட்டு முடிச்சிட்டேன் அக்கா," என்றாள் டெம்பி. "இன்னொண்ணு போட மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கே கொப்பரைகளின் அடியில் தீயை அணைத்தார்கள். பாதியில் கிடந்த துணிகளை என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது, யார் துணியையும் வைத்துக்கொண்டால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று ஆர்மிண்டா சொன்னாள். அதனால் பிழியாமல், கஞ்சி போடாமல், சொட்டச் சொட்ட அப்படியே கூடைகளில் அள்ளி வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தார்கள். லூமிஸ் வீட்டு முன்வராந்தாவில் டெம்பி இறக்கிய கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து படியிறங்கி ரோஜாச் செடிகளுக்குப் பாய்ந்தது. அந்த வருஷம் அந்த ரோஜா நன்றாகப் பூத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் வாரம் மேட்டில் மாற்றுத் துணி இருந்தது. இரண்டாவது வாரம் சீமாட்டிகள் தாங்களே தொட்டியில் கைவைத்தார்கள். நீலம் எவ்வளவு போடுவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. வங்கிக்காரரின் சட்டைகளெல்லாம் வான நிறத்தில் வெளிவந்தன. மூன்றாவது வாரம் ஆண்கள், சட்டையில் தனியாகப் பொத்தான் போட்டு மாட்டுகிற அழுக்கேறிய காலரைக் கழற்றி உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு அலுவலகம் போனார்கள். ஜார்ஜியாவின் ஜூலை வெயிலில் ஒரு காலர் எத்தனை நாள் தாங்கும்? அந்த வியர்வை நாற்றத்துக்குத் தேவாலயத்தில் சாம்பிராணி போடாதது ஒன்றுதான் குறை என்று வைலி சொன்னான்.

வைலி டெம்பியின் புருஷன். லூமிஸ் சூளையில் செங்கல் வண்டி ஓட்டுகிறவன். அவன் பேச்சுக்கு மட்டும் மசிகிற கோவேறு கழுதைகள் இரண்டு அங்கே இருந்தன. எதையும் வேடிக்கையாகச் சொல்கிறவன், அந்தச் சனிக்கிழமை மட்டும் வாயைத் திறக்காமல் வந்து உட்கார்ந்தான். டெம்பி சோள ரொட்டியும் பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த கீரையும் வைத்தாள். ரொட்டியைப் பிட்டுக் கீரைச் சாற்றில் தோய்த்து வைத்துக்கொண்டு அவன் சாப்பிடாமல் இருந்தான்.

"என்ன, கழுதைக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"கழுதைக்கு ஒண்ணுமில்ல. லூமிஸ் தொரை கூப்பிட்டு விட்டாரு." ரொட்டியைத் தட்டில் வைத்தான். "திங்கக்கிழமை காலையில மேஸ்திரி பள்ளத்துப் பக்கமா வருவானாம். உன் பொண்டாட்டி கொப்பரையில புகை தெரிஞ்சா நீ வண்டியில ஏறு. தெரியலன்னா வேற வேலை பாத்துக்கோன்னாரு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள் டெம்பி.

"சரிங்க தொரைன்னேன். வேற என்ன சொல்ல? அந்த இடத்துல அந்த ஒரு வார்த்தைதான் வாயில வருது புள்ள. பதினாறு வருஷமாச்சு, இன்னும் அதுதான் வருது."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. எழுதிய காகிதமும் போய்விட்டது, இனி எதைக் காட்டித் தாங்குவது என்ற பயம்தான் வந்தது. ஊரின் எல்லாப் பள்ளத்துப் பெண்களும் சேர்ந்து தகடு வேண்டாம் என்று சபைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாதிரியார் எழுத, இருநூற்று முப்பது பெண்கள் அதில் கையெழுத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பெருக்கல் குறி போட்டார்கள். சபை குமாஸ்தா பீட்டி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, ஒருத்தி உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் போட்டு முடித்திருப்பாள், இது ஒரு பெண் போட்ட மனு, இருநூறு பேர் போட்டதல்ல என்றான். காகிதத்தை டெம்பியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். பாதிப் பெண்கள் அன்றே தளர்ந்துபோனார்கள். வருகிற வெள்ளிக்கிழமை சபை மறுபடி கூடுகிறது. அன்று விதி உறுதியானால், அடுத்த திங்கட்கிழமை போலீஸ்காரன் தகட்டுப் பெட்டியோடு ஊற்றடிக்கு வருவான்.

திங்கட்கிழமை விடிந்ததும் டெம்பி புகை வாடையில்தான் கண்விழித்தாள். கனவென்று நினைத்தாள். பக்கத்தில் வைலி இல்லை. கொல்லைக்கு ஓடினால், கொப்பரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அடியில் பைன் விறகு சடசடவென்று எரிந்தது. வைலி குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான். இடம் பறிபோன செவலைக் கோழி அவனைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டிக்கொண்டிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட?" என்றாள்.

"சத்தம் போடாத. துணி ஒண்ணும் போடல. பச்சைச் சோளக் கதிரு போட்டிருக்கேன். தொரை புகைதான கேட்டாரு? துணின்னு சொல்லலியே. மேஸ்திரி பாத்துட்டுப் போகட்டும், நாம கதிரைத் திம்போம்."

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பள்ளத்தில் புகையைப் பார்க்கிறவன் மேஸ்திரி ஒருவன் மட்டுமா? இருபது வீடு தள்ளி இருந்தாலும், தன் தொழில்காரி வீட்டுப் புகையை ஒருத்தி படுக்கையிலேயே மோந்து கண்டுபிடிப்பாள். டெம்பி தண்ணீர் வாளியைத் தேடுவதற்குள் வேலிப் பக்கம் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் ஆர்மிண்டா, பின்னால் பத்துப் பதினைந்து பேர். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று டெம்பிக்கு இருந்தது.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்ல," என்றாள் ஆர்மிண்டா. "உன் வீட்டுக்காரனுக்குச் சூளையில வேலை. எனக்குப் புருஷன் இல்ல, அதனால எனக்கு ரோஷம் சுலபமா வருது. அடுப்பை மூட்டுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அக்கா, உள்ள பாரு."

ஆர்மிண்டா கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள். வெண்ணிறத் தண்ணீரில் சோளக் கதிர்கள் புரண்டு புரண்டு வெந்துகொண்டிருந்தன. அவள் முகம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது. அந்த நேரத்தில் சூளை மேஸ்திரி குதிரையில் பாதையோடு வந்தான். புகையைப் பார்த்தான். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தான். வைலியைப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தட்டி, "நல்லது வைலி, வண்டி காத்துக்கிட்டு இருக்கு," என்றான்.

கொல்லையில் ஒருவரும் அசையவில்லை. டெம்பிக்கு வைலியின் முகம் தெரிந்தது. இந்த ஒரு விநாடி சும்மா நின்றால் போதும், அவனுக்கு வேலை இருக்கும், வீட்டில் ரொட்டி இருக்கும். ஆனால் மேஸ்திரி இங்கிருந்து நேரே மேட்டுக்குப் போவான். டெம்பி தீ மூட்டிவிட்டாள் என்பான். மதியத்துக்குள் பத்து வீட்டில் தீ எரியும், வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது கொப்பரையும் கொதிக்கும். டெம்பி வாளியைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். சாம்பலும் நீராவியும் குபுகுபுவென்று எழுந்து மேஸ்திரியின் குதிரை இரண்டடி பின்வாங்கியது.

"இன்னைக்கு இங்க வெளுப்பு இல்லைங்க," என்றாள். "கதிரு வெந்துருச்சு. வேணும்னா ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க."

மேஸ்திரி எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது வைலியைப் பார்த்து, வரவேண்டாம் என்று கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான்.

வைலி வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தான். டெம்பி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கதிருக்கு இன்னும் ஒரு கொதி வேண்டியிருந்தது என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அழுகை பொங்கியது, சிரிப்பும் கூடவே வந்தது. அவன் தோளில் முகத்தைப் புதைத்து இரண்டையும் ஒன்றாகத் தீர்த்துக்கொண்டாள்.

வந்த பெண்கள் வெறுங்கையோடு போகவில்லை. அரைவேக்காட்டுக் கதிரை ஊதி ஊதிக் கடித்தார்கள். உப்பு எங்கே என்று கேட்டார்கள். தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்பது ஆர்மிண்டாவுக்குத் தெரியாத விஷயம். அதற்குப் பதிலாக யாராவது ஒருவரோடு சண்டை போடுவாள். கதிரைப் பரப்பித் தின்ன டெம்பி ஒரு பழைய படுக்கைவிரிப்பை எடுத்துப் புல்லில் விரித்திருந்தாள். ஆர்மிண்டா அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என் விரிப்பு," என்றாள்.

"உன்னோடதா? இது போன கிறிஸ்மஸ்ல இருந்து என் வீட்டுல கிடக்கு."

"என் கொடியில இருந்து நீ எடுத்ததாலதான் கிடக்கு. மூலையில பாரு. ஏணி இருக்கா?"

ஷைலோ ஊற்றடியில் நாற்பது பேரும் ஒரே கொடிகளில் உலர்த்துகிறவர்கள். காற்றடித்தால் யார் துணி யார் கூடைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தான் வெளுக்கிற துணியில் தைத்து வைக்க ஒவ்வொருத்திக்கும் சிவப்பு நூலில் ஒரு குறி. சட்டைக்கும் காலருக்கும் உள்பக்கம், பிடரிக்கு நேரே. விரிப்புக்கு மூலையில். டெம்பியின் குறி கோழிக்கால், மூன்று விரலும் ஒரு குதிகாலும். ஆர்மிண்டாவினுடையது ஏணி. பெத்தனிக்கு அரைநிலா. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்தான், ஆனால் இருட்டில் விரலால் தடவியே இது யார் வெளுத்தது என்று சொல்லிவிடுவார்கள். கெல்ஸோவின் மற்றப் பள்ளங்களிலும் இதே வழக்கம்தான். ஒருத்தி செத்தால் அவள் குறியை மகள் எடுத்துக்கொள்ளலாம், வேறு யாரும் தொடக்கூடாது.

விரிப்பின் மூலையில் ஏணி இருந்தது. சண்டை முடிந்தது. ஆனால் டெம்பி மூலையை விடவில்லை. கட்டைவிரலால் அந்த நூலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இதைப் பாத்ததும் உன்னோடதுன்னு எப்படிச் சொன்ன?"

"என்ன கேள்வி இது? என் குறிதான."

"குமாஸ்தா என்ன சொன்னான்? எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருக்கு, இது ஒருத்தி போட்டதுன்னான். நாம எதுக்கு அவுக குறியப் போட்டோம்? நமக்குன்னு ஒண்ணு இருக்கையில?"

ஆர்மிண்டா கதிரைக் கடிப்பதை நிறுத்தினாள். பிறகு மெதுவாக விரிப்பை உதறி, சோள மணிகளைக் கோழிக்குத் தள்ளிவிட்டு, "இதைக் குடுத்துட்டேன்," என்றாள். "என் விரிப்பு. மனுவுக்கு."

செவ்வாயும் புதனும் டெம்பியின் கொல்லையில் கால்வைக்க இடமில்லை. தெற்குப் பள்ளத்திலிருந்தும் ரயிலடியிலிருந்தும் சூளைக் குடிசைகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கொடிக்கயிற்றில் விரிப்பைப் பரப்பிக் கட்டி, இரண்டு பக்கமும் நின்று தைத்தார்கள். ஏணி, அரைநிலா, சாவி, மீன்முள், முக்கோணம், இரட்டைக் கோடு. இரண்டு பேருக்கு ஒரே குறி அமைந்து தகராறு வந்தது. யார் அம்மா முதலில் போட்டாள் என்று விசாரித்து, மற்றவள் ஒரு தையல் கூட்டிக்கொண்டாள். சூக்கி என்ற ஒருத்திக்குத் தொழில்குறியே பெருக்கல் குறிதான். முதல் மனுவில் உண்மையான கையெழுத்துப் போட்டவள் அவள் ஒருத்திதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வேலையில்லாத வைலி ஊசிகளுக்கு நூல் கோத்துக் கொடுத்தான். பெரிய கைகள், ஆனாலும் குறை சொல்ல முடியாமல் கோத்தான்.

"நான் நாலு தடவை ஓட்டுப் போட்டிருக்கேன் புள்ள," என்றான் டெம்பியிடம். "வரிசையில நின்னு, தாளைப் பெட்டியில போட்டு, தொப்பியத் தூக்கிட்டு வருவேன். அந்தத் தாளு அப்புறம் எங்க போச்சுன்னு ஒரு தடவையும் தெரியல. இது அப்படி இல்ல. இதை ஒருத்தன் அழிக்கணும்னா உக்காந்து பிரிக்கணும்."

"எங்களுக்கு அந்தப் பெட்டி இல்ல. எங்களுக்கு இந்த விரிப்புதான் பெட்டி," என்றாள் டெம்பி, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே. புதன் சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது முன்னூற்றுப் பன்னிரண்டு குறிகள் இருந்தன. முதல் மனுவில் பயந்து ஒதுங்கியவர்களும் வந்து தைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் சபை மண்டபம் வெந்து கிடந்தது. உறுப்பினர்கள் எட்டுப் பேரும் நீண்ட மேசையில் மேயரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் வெள்ளைக்காரர்களின் பெஞ்சுகள். அதற்கும் பின்னால், கதவோரம், நிற்கிற இடம் பள்ளத்துக்காரர்களுக்கு. கிழவர் மேயர் ஒரு காலத்தில் மருத்துவராக இருந்தவர். விசிறிக்கொண்டே தூங்குவதும் தூங்கிக்கொண்டே விசிறுவதும் அவருக்குக் கைவந்த கலை.

தகட்டு விதிக்கு எதிர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். ஆர்மிண்டாவும் டெம்பியும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நடந்து மேயருக்கு முன்னால் போய் விரித்தார்கள். வெள்ளை விரிப்பு முழுக்கச் சிவப்பாக இருந்தது. மேயரின் விசிறி நின்றது.

குமாஸ்தா பீட்டி எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தான். "இது கையெழுத்து இல்ல," என்றான். "கோழி கிளறுன மாதிரி இருக்கு."

"கோழிக்கால்தாங்க. அது என்னோடது," என்றாள் டெம்பி.

"இது டெம்பின்னு நான் எப்படி நம்புறது? இந்த ஊர்ல இதைப் பாத்து உன்னைத் தெரிஞ்சுக்கிறவன் எவன் இருக்கான்?"

டெம்பி இருநூறு தடவை யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. வைலியின் அந்தச் 'சரிங்க தொரை' அவள் நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. உதவிக்கு ஆர்மிண்டாவைப் பார்க்கத் திரும்பினாள். ஆர்மிண்டா அவளைப் பார்க்கவில்லை. மேசையின் கடைசி நாற்காலியில் ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினரின் பிடரியையே வெறித்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் போட்ட காலர். அதன் நடுவில், வெளிப்பக்கமாக, சிவப்பு நூலில் ஒரு ஏணி.

டெம்பி விரிப்பின் முனையை ஆர்மிண்டா கையில் கொடுத்துவிட்டு மேசையைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, எதற்குப் போகிறாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. எட்டுக் கழுத்துகளையும் பார்த்தாள். கதவோரத்திலிருந்து முதல் சிரிப்புச் சத்தம் வந்தது. அது வைலியுடையது.

"மேயர் ஐயா," என்றாள் டெம்பி. குரல் வந்துவிட்டது. "என்னைத் தெரிஞ்சவக யாருன்னு குமாஸ்தா கேட்டாரு. லூமிஸ் தொரைக்குத் தெரியும். என் கோழிக்கால் அவரு கழுத்துல நிக்குது. அவருக்குப் பக்கத்துல இருக்கிறவருக்கு அரைநிலா, அது பெத்தனி. அதுக்கு அடுத்தவருக்கு மீன்முள்ளு. கடைசி நாற்காலி ஏணி, அந்தா நிக்கிறா ஆர்மிண்டா. விரிப்புல பாருங்க, அதே குறி."

லூமிஸின் கை சடாரென்று பிடரிக்குப் போனது. மற்ற ஏழு கைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மேயர் எழுந்தார். அவர் எழுந்து நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, மேசையின் பின்னால் ஒவ்வொரு கழுத்தாக நின்று நின்று, அம்மைத் தழும்பு பார்க்கிற மருத்துவரைப் போலவே குனிந்து பார்த்தார். "கையை எடும்," என்று லூமிஸிடம் சொன்னார். லூமிஸ் எடுத்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

கடைசியில் மேயர் குமாஸ்தாவின் பின்னால் போய் நின்றார்.

"பீட்டி, உமக்குப் பெருக்கல் குறி," என்றார்.

"அது நான் போட்டதுங்க," என்று கதவோரத்திலிருந்து சூக்கி சொன்னாள். "ரெண்டு தடவை போட்டாச்சு. காகிதத்துல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு."

அப்போது எழுந்த சிரிப்பு பள்ளத்துக்காரர்களோடு நிற்கவில்லை. முன் பெஞ்சுகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்தார்கள், பிறகு அவசரமாகத் தங்கள் காலரைப் பொத்திக்கொண்டார்கள். வங்கிக்காரர் வான நிறச் சட்டையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

டெம்பி அது அடங்கும்வரை காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை.

"துணி காணாமப் போகுதுன்னு சொன்னீக ஐயா. எந்தத் துணியை வேணும்னாலும் எடுத்துக்கிட்டு வாங்க, எந்தக் கை வெளுத்ததுன்னு சொல்றோம். பதினாறு வருஷமா இந்தக் குறிதான் உங்க துணியை உங்க வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்துருக்கு. எங்க கழுத்துல தகடு கட்டணும்னு எழுதினீக. நாங்க அப்படி ஒரு விதியும் எழுதல. ஆனா ரெண்டு வாரமா எங்க குறியைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஊர் பூரா நடந்தது நீங்கதான். வாங்குற வேலையை நாங்க பாத்து வாங்குவோம். கூலியை நாங்க சொல்லுவோம். ஒத்துவந்தா திங்கக்கிழமை புகை தெரியும்."

மேயர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். யார் வீட்டில் எந்தத் துணி காணாமல் போனது என்று எட்டுப் பேரையும் கேட்டார். ஒருவருக்கும் சொல்ல ஒரு கைக்குட்டைகூட இல்லை. விதியைக் கைவிட வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். கழுத்திலிருந்து கையை எடுத்தால்தான் தூக்க முடியும். கொஞ்சம் யோசித்து, ஐந்து பேர் எடுத்துத் தூக்கினார்கள். லூமிஸ் தூக்கவில்லை. தேவையும் இல்லை.

பள்ளத்துக்குப் போகிற வழியெல்லாம் விரிப்பைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆர்மிண்டா தொண்டை கட்டும்வரை பாடினாள். டெம்பிக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். பிறந்ததிலிருந்து அவள் சொல்லி ஒரு சட்டம் நின்றதில்லை, ஒரு சட்டம் விழுந்ததுமில்லை. இன்றைக்கு ஒன்று விழுந்தது. வைலியின் கையைப் பிடித்துக்கொண்டு செம்மண் பாதையில் கிட்டத்தட்ட ஓடினாள்.

திங்கட்கிழமை நாற்பது கொப்பரையும் கொதித்தன. நாலு வார அழுக்கு, சவுக்காரம் போதவில்லை. செவ்வாய்க்கிழமை சூளையிலிருந்து வைலிக்கு ஆள் வந்தது. அந்த இரண்டு கழுதைகளும் ஒரு வாரமாக வேறு எவன் பேச்சுக்கும் ஓர் அடி நகரவில்லையாம். வைலி சாவகாசமாகக் கீரையைச் சாப்பிட்டு முடித்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினான். 'சரிங்க தொரை' என்று சொல்லாமல் அவன் அனுப்பிய முதல் பதில் அது. மறுநாள்தான் போனான்.

லூமிஸ் வீட்டு மூட்டையை லூமிஸ் சீமாட்டியே வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். கூலிக்கு ஒப்புக்கொண்டாள். தயங்கித் தயங்கி நின்றாள்.

"டெம்பி, தொரை ஒண்ணு கேக்கச் சொன்னாரு. காலர்ல மட்டும் அந்தக் குறியை விட்டுட முடியுமா?"

"குறி இல்லாம நான் வெளுக்கிறதில்லைங்க அம்மணி," என்றாள் டெம்பி. "கூட்டத்துல அவரு துணி தொலைஞ்சு போயிரும்."

சீமாட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது சிரிப்பை அடக்குவதற்குத்தான் என்று டெம்பிக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை டெம்பி இஸ்திரிப் பெட்டியை அடுப்பில் காயவைத்து, எச்சில் தொட்டுச் சூடு பார்த்து, லூமிஸ் துரையின் காலரை மேசையில் விரித்தாள். பழைய நூல் வெளுத்துப்போயிருந்தது. புது நூல் எடுத்துக் கோழிக்காலை மறுபடி போட்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு விரலும் ஒரு தையல் நீளம் அதிகம். பிறகு கஞ்சி நீரைத் தெளித்து, உடம்பின் முழுக் கனத்தையும் கையில் இறக்கி இஸ்திரி போட்டாள். குட்டைக் காலின் அடியில் பழைய செம்புத் தகடு இருந்தது, மேசை ஆடவே இல்லை.